கண்ணால் பாராமல் திறந்த கல்யாணப் படம்

என் கணினித் திரையின் பின்பக்கத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் மாத்தளை மாவட்டத்தில் எவரும் இருக்க முடியாது. மூலைக்கு ஒன்றாகத் திருகாணிகள். அவற்றில் ஒன்று தலை தேய்ந்தது. நடுவில் ஒட்டுத்தாள், அதில் சீன மொழியில் ஏதோ எச்சரிக்கை. காற்றுப் போகும் துளைகளில் மிளகுத் தூசி. என் கடை ஒரு சரக்குக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே அவர்கள் மிளகும் கராம்பும் புடைத்தால் மேலே நான் தும்முவேன். கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிற ஒருவன் திரையின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும். நானோ அந்த வாரம் பெரும்பாலும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊர் முஸ்லிம் கல்யாணங்களில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நிகாஹ் நடக்கிற ஆண்கள் பக்கத்தை நான் என் கெமராவில் எடுப்பேன். பெண்கள் பக்கத்துக் கதவைத் தாண்டி என் நிழல்கூடப் போகாது. கொஞ்சக் காலம் முன்புவரை அந்தப் பக்கத்தில் படம் எடுக்க ஆளே இல்லை. ஆளாளுக்குப் போனில் எடுப்பார்கள், பிறகு ஆளாளுக்கு அழிக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு அதில் ஒரு தொழில் தெரிந்தது. மனைவியிடம் போனைக் கொடுத்து, கை ஆடாமல் பிடிக்கப் பழக்கினேன். பழக்கினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். முதல் கல்யாணத்திலேயே அவள் எடுத்த படம் நான் எடுத்ததைவிட நன்றாக இருந்ததாகப் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். அதை வந்து சொன்னவளும் அவள்தான். உண்மையா என்று பார்த்துவிடலாம் என்றால், அந்தப் படத்தை நான் பார்க்கக் கூடாது.

அதுதான் எங்கள் கடையின் சட்டம். பெண்கள் பக்கத்துத் துண்டுகளை அவளே கணினியில் ஏற்றி, வரிசையாக ஒட்டி, தனிப் பென் டிரைவில் போட்டு, மணப்பெண்ணின் தாயின் கையில் நேரே கொடுப்பாள். நான் அந்த நேரம் வெளியே போய் ஒரு பிளேன்டீ குடிப்பேன். பழைய போன் இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. பிறகு அந்தப் பழைய போன் நிஜமாகவே தண்ணீரில் விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கினோம். அதை அவள் முதன்முதலாகக் கொண்டுபோனது உக்குவெலைப் பக்கத்து ஹாஜியார் வீட்டுக் கல்யாணத்துக்கு.

ஹாஜியார் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு கடைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், சுற்றிவரப் பார்த்தார்.

"தம்பி, பொம்புளப் பக்கத்துப் படம் எந்த ஆம்புளட கண்ணுலயும் படப்படாது."

"அது அமானிதம் ஹாஜியார். ஒங்கட ஊட்டுப் பொருள் எங்கட கையில ஈக்கிற மாதிரி."

"கடையில வேற ஆம்புள யாராச்சும் ஈக்காங்களா?"

"இல்ல ஹாஜியார். நான் மட்டும் தான்."

"ஒங்களப் பத்தித் தான் கேக்குறேன்."

நான் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன். அவர் போன பிறகு மனைவி, "மனுசன் ஆளப் பாத்துத் தான் பேசியீக்காரு" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண்ணின் தாய் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலில் முழங்கால் வரை பிளாஸ்டர். கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் மேல்மாடியில். படியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சிலர் சொன்னார்களாம். வலியில் அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஒரே மகள். அந்த மகள் மணப்பெண்ணாக உடுத்தி மேடையேறியபோது தாய் வீட்டில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துக் கிடந்தார். கல்யாணத்தன்று காலையில் என் மனைவிக்கு அவர் போனில் சொன்னதை மனைவி பலமுறை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்: "மகள், நான் பாக்காதத எல்லாம் எனக்காக நீ பாரு. அவ மேடையில ஏறி உக்கார்றத மட்டும் உட்டுடாத."

மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. மணப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார்கள். தாய்க்கு ஒரே ஆசைதான்: மகள் போவதற்கு முன், அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, யார் யார் வந்தார்கள், யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். மகள் போன பிறகு அந்தப் படம் வந்து என்ன, வராமல் என்ன.

"ரெண்டு நாள்ல தாறோம் மாமி" என்று மனைவி சொல்லிவிட்டு வந்திருந்தாள். எங்கள் கடையின் சட்டத்தில் வாக்குக் கொடுப்பது இருவருக்கும் பொதுவான வேலை.

திங்கட்கிழமை காலை. நான் ஆண்கள் பக்கத்தை ஏற்கனவே தொகுத்து முடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மனைவி தன் போனைக் கணினியில் கொழுவினாள். வழக்கம்போல நான் பிளேன்டீ குடிக்கப் படியிறங்கினேன். பாதிப் படியில் அவள் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க. படம் இல்ல."

"அழிச்சிட்டியா?"

"சத்தம் கேக்குது. படம் கறுப்பா ஈக்கு. எனத்தயோ இங்கிலீசுல செல்லுது."

நான் ஓடி மேலேறினேன், வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரை கறுப்பாக இருந்தாலும் எந்த நிமிடம் விழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? நான் சுவரோரமாக நடந்து, மேசையைச் சுற்றிப் போய், திரையின் பின்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திரைக்கு மேலே அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"எழுத்துக் கூட்டி வாசி."

அவள் வாசித்தாள். கோடெக் இல்லையாம், அல்லது கிடைக்கவில்லையாம்.

எனக்கு அது தெரிந்த நோய். அவளுக்கு விளங்கப்படுத்தினேன். வீடியோவை அப்படியே வைத்தால் போன் நிரம்பிவிடும். ஆகவே போன் அதை மடித்துச் சுருட்டி, மூட்டையாகக் கட்டி வைக்கிறது. கட்டுகிறதும் அவிழ்க்கிறதும் இந்தக் கோடெக்கின் வேலை. புதிய போன் புதுமாதிரி முடிச்சுப் போட்டிருக்கிறது. எங்கள் பழைய கணினிக்கு அந்த முடிச்சு அவிழ்க்கத் தெரியவில்லை.

"அப்ப பல்லால அவுக்கச் செல்லுங்க."

"அதுக்குத் தான் நான் ஈக்கேன்" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எல்லாக் கோடெக்கும் ஒன்றாய் அடங்கிய பொதி ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேடச் சொன்னேன். போகிற போக்கில், மறைந்திருக்கிற கோப்புகளையும் காட்டும்படி கணினியில் ஓர் இடத்தை அழுத்தச் சொல்லி வைத்தேன். பின்பக்கமிருந்து ஒரு மனிதன் கணினி இயக்குவது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால், பஸ் நிலையத்தில் கண்டக்டர் பின்னால் நின்று பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைப்பதைப் பார்க்கலாம். இடது, இடது, கொஞ்சம் கீழே, நில்லு. "பச்சை நிறத்துல பெரிய பொத்தான் ஈக்கு" என்றாள். "அமத்து" என்றேன். அந்தப் பக்கத்தில் பச்சைப் பொத்தான்கள் பல இருந்ததையும், அவற்றில் மிகப் பெரியது விளம்பரம் என்பதையும் பின்பக்கத்தில் இருந்த நிபுணன் அறியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கணினி ஒருமாதிரியாகிவிட்டது. எதைத் திறந்தாலும் உடல் மெலிய மருந்து விற்றது. மனைவி அதை மட்டும் சற்றுக் கவனமாக வாசித்ததாக எனக்குச் சந்தேகம். கடைசியில் பெண்கள் பக்கமும் திறக்கவில்லை, அதுவரை ஒழுங்காகத் திறந்த ஆண்கள் பக்கமும் திறக்கவில்லை.

"இப்ப ரெண்டு பக்கமும் சமம்" என்றாள் மனைவி.

அன்று முழுவதும் நான் ஏற்றியதையெல்லாம் இறக்கினேன். படக் கோப்புகள் எதுவும் திறந்திருக்காததால் முன்பக்கம் வந்து உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்புகிற வசதியை ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே மேசையில் தலை வைத்தேன். மாலையில் ஆண்கள் பக்கம் மட்டும் சுகமாகி எழுந்தது.

செவ்வாய்க்கிழமை இணையத்தில் வேறு வழி கண்டேன். கோப்பை ஏற்றிவிட்டால் அவர்களே மாற்றித் திருப்பித் தருவார்களாம். கணினியில் எதையும் பதிய வேண்டியதில்லை. அவளிடம் சொன்னேன்.

"ஏத்தினா எங்க போகும்?"

"அவங்கட சேர்வருக்கு."

"அது யார்ட ஊட்ல ஈக்கு?"

"ஊடு இல்ல, கம்பெனி. எங்கயோ வெளிநாடு."

"அங்க வேல செய்றது ஆம்புளயா பொம்புளயா?"

அதற்கு அந்த இணையதளத்தில் விடை இருக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை மூடினேன். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் கேட்ட கேள்வியில் பிழையே இல்லை. ஹாஜியார் "எந்த ஆம்புளட கண்ணுலயும்" என்றுதான் சொன்னார். வெளிநாட்டு ஆம்பிளைக்கு அவர் விலக்குத் தரவில்லை.

பிறகு கண்டியில் இதே தொழில் செய்கிற நண்பனுக்குப் போன் எடுத்தேன். அவனிடம் நல்ல கணினி இருக்கிறது, அதை அவன் ஒவ்வொரு பேச்சிலும் ஒரு தடவையாவது நினைவூட்டுவான்.

"மச்சான், ஃபைல அனுப்பு. என்ட மெசின்ல ஒரு சிகரெட் பத்தி முடியிற நேரம்."

"அனுப்ப ஏலாடா."

"எதுக்கு?"

"பொம்புளப் பக்கம்."

"நான் பாக்காமச் செய்றேன்."

"நானே பாக்காம தான் செய்றேன். செஞ்ச லட்சணம் செல்லப்படாது."

அவன் நன்றாகச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு, திட்டுகிற குரலில் உருப்படியான ஒன்றைச் சொன்னான். கணினிக்கு முடிச்சு அவிழ்க்கக் கற்றுக்கொடுக்கப் போகாதே. அந்தக் கிழட்டு மெசின் கற்றுக்கொண்டாலும் மூச்சு வாங்கும். மூட்டையையே அவிழ்த்துப் பழைய முடிச்சாகக் கட்டு. அதற்கென்று இலவச மென்பொருள் இருக்கிறது, அவிழ்க்கிற ஆளை அது தன்னோடேயே கூட்டிக்கொண்டு வரும். மாற்றி எடுத்த பிறகு தொகுப்பு மென்பொருளில் போடு.

இந்த முறை பச்சைப் பொத்தான்களைப் பற்றி முன்னமே கேட்டு வைத்துக்கொண்டேன். மென்பொருள் ஏறியது. மனைவி முதல் துண்டைப் போட்டு ஓடவிட்டாள். அது ஓடும்போது படத்தைச் சிறிய பெட்டியில் காட்டிக்கொண்டே ஓடும் என்று தெரிந்ததும் அவள் எழுந்துபோய்த் தன் தொழுகைச் சால்வையைக் கொண்டுவந்து திரையின் மேல் போட்டாள். என் கணினி முக்காடு போட்டுக்கொண்டு வேலை செய்தது. விசிறி கத்திய கத்தலில் கீழே சரக்குக் கடைக்காரர் படியேறி வந்து, "எனத்த அரைக்கிறீங்க?" என்று கேட்டார். முக்காடு போட்ட திரையையும் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், மேலே எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார். அவர் அன்றிலிருந்து என்னிடம் மிகவும் அன்பாகப் பேசுகிறார்.

புதன்கிழமை மதிய லுஹர் தொழுகைக்குள் முதல் தொகுதி மாறி முடிந்தது. மனைவி தொகுப்பு மென்பொருளில் ஏற்றினாள். "வந்திட்டு" என்றாள். பின்பக்கத்தில் நான் கை தட்டினேன். அவள் பார்க்கத் தொடங்கினாள்.

"இஞ்சப் பாருங்க… பாக்காதீங்க, கேளுங்க. மாப்புளட பெரியும்மா வாய மூடின பொறவு சிரிக்கிறா."

"எனத்த?"

"வாய் மூடியாச்சு. சிரிப்பு பின்னால வருது. போகப் போக மிச்சம் பிந்துது. இப்ப பாருங்க, சோறு தின்னுறா, ஆனா சலாம் செல்ற சத்தம் கேக்குது."

சத்தமும் படமும் பிரிந்துவிட்டிருந்தன. இதற்கு நான் நண்பனிடம் போகவில்லை. கொஞ்சம் ரோசமும் மிச்சமிருந்தது. அந்த மென்பொருளின் ஒவ்வொரு அமைப்பையும் அவளை வாசிக்கச் சொல்லி, விளங்காதவற்றை என் போனில் தேடித் தேடி வாசித்தேன். பின்னேரம் வரை. அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. போன் சீராகப் படம் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்குக் குறைவான படங்கள்; வெளிச்சம் கூடினால் அதிகமான படங்கள். தொகுப்பு மென்பொருளோ எல்லா நொடியும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. சத்தம் தன் பாட்டில் போகிறது, படம் தன் பாட்டில் வருகிறது.

"அந்த போனும் என்ட மாதிரி தான்" என்றாள் மனைவி. "இருட்டிச்செண்டா வேல ஓடாது."

மாற்றும்போதே நொடிக்கு ஒரே அளவு படம் என்று ஓர் இடத்தில் அடையாளமிட வேண்டும். அவ்வளவுதான். அடையாளமிட்டோம். முக்காட்டை மறுபடி போட்டோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து அரைக்கத் தொடங்கினோம். வியாழன் மாலை மாப்பிள்ளையின் பெரியம்மா சரியான இடத்தில் சிரித்தார்.

ஒரு துண்டைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. வராத அந்த ஒன்று எது என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் நெற்றியைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"மேடையில ஏறுறது?"

"ம்."

மற்றவை கறுப்பாக இருந்தாலும் சத்தமாவது வந்தது. இது ஒன்றுமே இல்லை. மாற்றுகிற மென்பொருள் இதை வீடியோ என்றே ஏற்றுக்கொள்ளவில்லை. எதையும் திறந்து காட்டும் என்று பெயர் வாங்கிய பிளேயரில் போட்டோம். அது திறந்த வேகத்தில் மூடியது. பெயரை வாசிக்கச் சொன்னேன். மற்றவற்றின் பெயருக்குப் பின்னால் இருக்கிற வால் இதற்கு வேறுமாதிரி இருந்தது. ஆஹா, இதுதான் என்று வாலை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். திறக்கவில்லை. கழுதைக்குக் குதிரை வாலை ஒட்டிவிட்டு ஓடு ஓடு என்று விரட்டுகிற மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஹாஜியார் தம்புள்ளையிலிருந்து போன் எடுத்தார். பின்னால் லொறிகள் உறுமின, யாரோ கோவா விலை கத்தினார்கள்.

"தம்பி, எங்கட ஊட்ல கேட்டுக் கேட்டு என்ட உசிர எடுக்கிறா. சரிவருமா வராதா?"

"நாளைக்குத் தாறோம் ஹாஜியார்."

"முழுசா?"

அந்த இடத்தில், மற்றதெல்லாம் இருக்கிறது, ஒரு துண்டு மட்டும் பழுது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார். ஏசிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ஆனால் அந்தத் தாய் கேட்டதே அந்தத் துண்டைத்தான். மற்றப் பெண்கள் சோறு தின்பதைப் பார்க்கவா அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்?

"முழுசாத் தான்" என்றேன்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "எந்தத் தைரியத்துல செல்லிட்டீங்க?"

"ஒன்ட தைரியத்துல."

ஜும்ஆவுக்குப் போய் வந்து, பழுதான கோப்புகளைத் திருத்துகிற மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனால் கோப்பின் கடைசிப் பகுதி எழுதப்படாமல் போகுமாம். அதே போனில் எடுத்த நல்ல துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், அதைப் பார்த்து இதைச் சரிப்படுத்துமாம். நல்ல துண்டை வைத்தோம். அது கெட்டதை வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, இதில் தனக்குத் தெரிந்த எதுவுமே இல்லை என்று கைவிரித்தது. பழுதுகூட இல்லை என்றது. அந்த ஒரு சொல் எனக்குள் குத்தியது. பழுதில்லை, ஆனால் திறக்காது. அது எப்படி?

அப்போதுதான், கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அவளிடம் கேட்டேன்.

"அந்தத் துண்ட எடுத்த பொறவு போன்ல எனத்த செஞ்சாய்? ஒண்ணும் உடாமச் செல்லு."

"எடுத்தேன். பாத்தேன். நல்லா ஈந்துச்சு."

"பாத்தியா? போன்ல ஓடிச்சா?"

"ஓடாம? அங்கயே பொண்ணுக்கும் காட்டினேன். பொறவு பூட்டி வச்சேன்."

"எதுல பூட்டினாய்?"

"போன்லயே ஒரு பொட்டி ஈக்கே, படங்கள மறைச்சு வைக்கிற அப். பொண்ணுட தலையில முக்காடு இல்ல, முடியெல்லாம் பூ வச்சு அலங்காரம். போன் கை தவறி எங்கயாச்சும் உழுந்தா ஆர்ட கண்ணுல படுமோ. அமானிதம்னு நீங்க தானே ஹாஜியாருக்குச் செல்லியீக்கிறீங்க."

நான் ஸ்டூலில் இருந்தபடியே திரையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டி சும்மா மறைத்து வைக்கிற பெட்டியில்லை. உள்ளே போடுகிற படத்தை யாருக்கும் விளங்காதபடி கலைத்துப் பெயரையும் மாற்றி வைக்கும். பெட்டியைத் திறக்காமல் வெளியே எடுத்தால் பூட்டிய நிலையிலேயே வரும். அப்படியென்றால் பூட்டிய கோப்பு கணினிக்கு வந்தது எப்படி? அதையும் கேட்டேன்.

"நீங்க தானே திங்கக்கிழம பின்னால இருந்து செல்லிக்கிட்டு ஈந்தீங்க, மறைஞ்சு ஈக்கிற கோப்பு எல்லாத்தயும் காட்டச் செல்லி ஒரு எடத்துல அமத்துண்டு. அமத்தினேன். எல்லாம் வந்துச்சு. அதுவும் வந்துச்சு. வந்திட்டு தானேண்டு நான் நெனச்சேன்."

ஆக, வேறெந்த ஆணும் பார்த்துவிடக் கூடாது என்று அவள் பூட்டியிருக்கிறாள். நான் அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாமல், கோடெக்கைத் தேடி உலகமெல்லாம் அலைந்திருக்கிறேன். இருவரும் ஒரே வாக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு.

"என்னட்ட செல்லியீக்கலாமே" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா? கோடெக் கோடெக்ண்டு குதிச்சீங்க. நானும் அது ஏதோ பெரிய விசயமாக்கும்னு பாத்துக்கிட்டு ஈந்தேன்."

அவள் போனை எடுத்து, பெருவிரலை வைத்தாள். பெட்டி திறந்தது. படத்தை வெளியே எடுத்து, கணினிக்கு அனுப்பி, பழைய முடிச்சாகக் கட்டி, மற்றத் துண்டுகளோடு அதற்குரிய இடத்தில் ஒட்டினாள். நான் வெளியே போய்ப் பிளேன்டீ குடித்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக, சட்டப்படி.

சனிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். உக்குவெலை வீதியில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. உள்ளறையில் தாய் கட்டிலில், பிளாஸ்டர் கால் தலையணைமேல், பக்கத்தில் மகள், எதிரே தொலைக்காட்சி. மனைவி பென் டிரைவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஹாஜியாரும் நானும் வெளியே விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது, மஸ்கட் அல்வா வந்தது. உள்ளிருந்து, "இது ஆரு, குருநாகல் சாச்சியா? மெலிஞ்சு பொய்த்தாளே" என்று தாயின் குரல் கேட்டது. மகள் ஏதோ சொன்னாள். மூன்று பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"நீங்க மெய்யாவே பாக்கல்லயா?" என்றார் ஹாஜியார்.

"இல்ல ஹாஜியார்."

"பொறவு எப்புடித் திருத்தினீங்க?"

சொன்னேன். மருந்து விற்ற கணினி, முக்காடு போட்ட திரை, சிரிப்புப் பிந்திய பெரியம்மா, எல்லாம். சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு மஸ்கட் துண்டு ஒன்றை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"பொண்ண மேடைக்கு எடுத்த நேரம் நான் கீழ சஹன் பாத்துக்கிட்டு ஈந்தேன். ஒரு சஹன் தட்டச் சுத்தி ஆறு பேருண்டு ஒழுங்கா இருத்தோணும். சோறு காணாமப் பொய்த்துமோன்னு பயம். மேல்மாடியில அவ எப்புடி ஈந்தாண்டு…" என்று சொல்லி நிறுத்தினார்.

அவர் தன் மகளைப் பார்க்கலாம்; அதில் தடையே இல்லை. ஆனால் அந்தப் படம் முழுவதும் ஊர்ப் பெண்கள். என்னிடம் வாக்கு வாங்கிய மனிதர் அவர்தான்.

"தம்பி, அதுல என்ட மகள் மட்டும் தனியா வாற எடம் ஏதாச்சும் ஈக்குமா?"

"எனக்குத் தெரியாது ஹாஜியார். நான் பாக்கல்லயே."

"அதுவும் சரி தான்" என்று தலையாட்டினார்.

நான் எழுந்துபோய்க் கதவில் தட்டி, மனைவியிடம் அதையே கேட்டேன். உள்ளே படம் நின்றது. கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்தே மனைவி சொன்னாள்: "படியால ஏறி வந்து உக்கார்ற வரைக்கும் அவ மட்டும் தான். அந்தப் பூட்டி வச்ச துண்டு. அதுக்குப் பொறவு எல்லாரும் மேடைக்கு வந்துடுறாங்க."

மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள். "வாப்பா, வாங்க. மத்தவங்க வாறதுக்கு முன்னால நான் நிப்பாட்டிடுறேன்."

ஹாஜியார் மஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்து, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போக, என் மனைவி முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்து அவருடைய கதிரையில் உட்கார்ந்தாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"ஏறுற நேரம் என்ட கை கொஞ்சம் ஆடிட்டு" என்றாள் மெல்ல. "அவருக்கு விளங்குமோ தெரியா."

உள்ளே படம் தொடங்கியது. மணப்பெண் மேடைக்கு வரும்போது சிறு பிள்ளைகள் பைத் பாடி வாழ்த்துகிற சத்தம். அது கொஞ்சத் தூரம் போய் நடுவில் நின்றது. பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கி, அதே இடத்தில் நின்றது. நாங்கள் இருவரும் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைகள் அந்தப் பைத்தை ஒரு தடவைகூட முடிக்கவில்லை.